பாற்கடன்: நெவாடாவின் ‘காட்டுக் குதிரை ஆனி’

நெடுந்தீவுக்குச் சென்றுவந்தவர்கள் அங்குள்ள குதிரைகளை மறந்திருக்கமாட்டார்கள். குறிகட்டுவானில் வள்ளமேறிக் கடல் கடந்து, முருகைக்கல் மதில்களையும் பனங்கூடல்களையும் தாண்டி நடந்தால், தீவின் வரண்ட வெளிகளிலே, லாடமோ கடிவாளமோ கண்டறியாத குதிரைகள் சிறுசிறு கூட்டங்களாக நின்று மேய்வதைக் காணலாம். போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை என்பர். ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கினர். ஆங்கிலேயர் சிறிது காலம் பேணிப் பின் கைவிட்டனர். ஊரில் ஆசிரியத் தொழில் பார்த்த காலத்தில் நாம் மாணவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். சிறுமி ஒருத்தி, “சேர், இதுகள் ஆற்றை குதிரையள்?” என்று கேட்டாள். “ஒருத்தற்றையுமில்லைப் பிள்ளை” என்று சொல்லிவிட்டு நடந்தோம். வரலாறு படிப்பித்த எமக்கு அதுவே போதிய விடையாக அன்று தோன்றிற்று.

அதே கேள்வியை உலகின் மறுகோடியில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பண்ணைப் பெண் ஒருவர் எடுத்துக்கொண்டு, மாவட்ட சபையிலிருந்து அந்நாட்டுத் தலைநகர் வரை 27 ஆண்டுகள் அலைந்தார் என்பதைப் புலம்பெயர்ந்து வந்து, பொழுதுபோகாத குளிர்காலங்களில் நூலகமே கதியெனக் கிடந்தபோதுதான் நாம் படித்தறிந்தோம். வேல்மா ஜோன்ஸ்ரன் என்பது அவர் பெயர். ‘காட்டுக் குதிரை ஆனி’ என்றால்தான் அமெரிக்கர் அறிவர்.

அவர் கதைக்கு முன் குதிரையின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். குதிரையினம் தோன்றி வளர்ந்ததே வட அமெரிக்க மண்ணில்தான். ஆயினும் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அவ்வினம் அற்றுப்போயிற்று. மீண்டும் அது வந்து இறங்கியது ஸ்பானியரின் கப்பல்களில். 1519இல் மெக்சிக்கோவில் கால்வைத்த கோர்ட்டேஸ் கொண்டுவந்தவை 16 குதிரைகளே. அவற்றின் பின்னால் மேலும் பல வந்தன, தப்பின, பெருகின. 17ஆம் நூற்றாண்டில் அவை பழங்குடி மக்களின் கைக்கு வந்து அவர்தம் வாழ்வையே மாற்றின. இக்குதிரைகளுக்கு வழங்கும் ‘மஸ்ராங்’ என்னும் பெயர், உரியவரின்றித் திரியும் கால்நடையைக் குறித்த பழைய ஸ்பானியச் சொல்லொன்றின் திரிபு. ஆகவே இந்த விலங்கை அந்த மண்ணின் மைந்தன் என்பதா, வந்தேறி என்பதா என்ற வழக்கு அங்கு இன்றுவரை ஓயவில்லை. மாட்டுப் பண்ணையாளர் வந்தேறி என்றனர். குதிரையை விரும்பியவர்கள் ஊருக்குத் திரும்பி வந்த பிள்ளை என்றனர். ‘வந்தேறி’ என்ற சொல்லை நாமும் நம் வாழ்நாளில் வேண்டியமட்டும் கேட்டிருக்கிறோமாதலால், இவ்வழக்கில் நாம் நடுவர் அல்லர் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு மேலே செல்கிறோம்.

வேல்மா 1912ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் றீனோ நகரில் ஜோசப் புரோன், கேட்றூட் தம்பதியரின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவந்த கதை ஒன்று உண்டு. ஜோசப் கைக்குழந்தையாக இருந்தபோது, அவருடைய பெற்றோர் கூண்டு வண்டியிலே பாலைநிலத்தைக் கடந்து கலிபோர்னியாவுக்குப் பயணஞ்செய்தனர். வழியில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது. வண்டியோடு வந்த மஸ்ராங் பெண்குதிரை ஒன்றின் பாலைக் கறந்து ஊட்டியே குழந்தையைக் காப்பாற்றினார்களாம். குடும்பக் கதைகள் காலப்போக்கில் மெருகேறுபவை. இதிலும் மெருகு எவ்வளவு என்பதை யார் அளப்பது? ஆனால் அந்த வீட்டில் அது ஐயமின்றி நம்பப்பட்டது என்பதே நமக்கு முக்கியம். செஞ்சோற்றுக் கடனுக்காகக் கன்னன் உயிர்விட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பாற்கடன் ஒரு வீட்டில் எவ்வாறு மூன்று தலைமுறை பேசப்படும் என்பது விளங்காமற் போகாது. ஜோசப் பின்னர் சரக்கு வண்டித் தொழில் நடத்தினார். அவருடைய வண்டிகளை இழுத்தவையும் மஸ்ராங்குகளே. ஆகவே பால் மட்டுமன்றிச் சோறும் குதிரை போட்டதுதான்.

வேல்மாவுக்கு 11 வயதில், 1923இல், இளம்பிள்ளைவாதம் கண்டது. தடுப்பு மருந்து தோன்ற இன்னும் 30 ஆண்டுகள் இருந்த காலம் அது. சான் பிரான்சிஸ்கோ வைத்தியசாலையில் மாதக்கணக்காக உடல் முழுவதும் சாந்துக்கட்டில் கிடந்தார். கட்டை அவிழ்த்தபோது உயிர் மிஞ்சியிருந்தது. ஆனால் முதுகும் முகமும் கோணிவிட்டிருந்தன. அந்தக் கோணலும் உடல்நோவும் அவரை இறுதிவரை விட்டகலவில்லை. பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் கேலிசெய்தனர். (பிள்ளைகளின் கொடுமையை ஆசிரியராயிருந்த நாம் நன்கறிவோம், அதைக் காணாததுபோல் இருந்துவிடும் ஆசிரியர்களையும் அறிவோம்.) அவர் புத்தகங்களிலும், சித்திரம் வரைவதிலும், தந்தையின் விலங்குகளிலும் தஞ்சம் புகுந்தார். எதிரே நிற்கும் பெண்ணின் முகம் நேரா கோணலா என்று குதிரை பார்ப்பதில்லை.

வளர்ந்தபின் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, றீனோவில் காப்புறுதித் தொழில் நடத்திய ஒருவரிடம் செயலாளராகச் சேர்ந்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதே மேசை. அவரைப்பற்றி எழுதுவோர் பலரும் இவ்வேலையை ஒரு வரியிற் சொல்லிக் கடந்து, குதிரையேறும் வீராங்கனையின் படத்தைத் தீட்டுவதிலேயே நாட்டங்கொள்வர். நாமோ இந்த மேசையையே அவர் வரலாற்றின் அச்சாணியாகக் கருதுகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

சார்லி ஜோன்ஸ்ரன் என்பவரை மணந்தார். இருவரும் வாட்ஸ்வேர்த் என்னும் சிற்றூருக்கு அண்மையில், ற்றக்கி ஆற்றங்கரையிலே ஒரு பண்ணையில் வாழ்ந்தனர். அதற்கு அவர்கள் இட்ட குறி, பக்கவாட்டிற் சாய்ந்து படுத்திருக்கும் இரண்டு இதயங்கள். அந்நாட்டுப் பண்ணையாளர் தத்தம் கால்நடைக்குச் சுடும் குறிகளில், சாய்ந்து படுத்த எழுத்தையோ உருவத்தையோ ‘சோம்பேறி’ என்பார்கள். ஆகவே பண்ணையின் பெயர் ‘இரட்டைச் சோம்பேறி இதயம்’ என்றாயிற்று. சோம்பலுக்கு அங்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை. விடியுமுன் பண்ணை வேலை, பின்னர் ஏறக்குறைய 30 மைல் காரோட்டி றீனோவில் அலுவலகம், மாலையில் மீண்டும் பண்ணை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் பண்ணையை ஊர்ப்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டனர். நகரத்துச் சிறுவர் சிறுமியர் அங்கு வந்து தங்கிக் குதிரையேற்றம் பழகினர், வைக்கோல் இட்டனர், தொழுவம் கூட்டினர். ஒரு பிள்ளையைப் பெறாத வீட்டில் வார இறுதிகளில் எப்போதும் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வேல்மாவைக் குடும்பமற்றவர் போலச் சித்திரிப்போர் இந்த வீட்டை மறந்துவிடுகிறார்கள்.

இனி 1950ஆம் ஆண்டுக்கு வருவோம். வழமைபோல அவர் காலையில் அலுவலகத்துக்குக் காரோட்டிச் சென்றுகொண்டிருந்தார். முன்னே கால்நடை ஏற்றிய லொறி ஒன்று போயிற்று. அதன் பின்பலகையின் கீழாக இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அடிபட்ட மாடு ஏதும் உள்ளே கிடக்கிறது, சாரதிக்குச் சொல்லவேண்டும் என்றெண்ணிப் பின்தொடர்ந்தார். லொறி சென்று நின்ற இடம் இறைச்சிக்கூடம். உள்ளே நெருக்கி அடைக்கப்பட்டிருந்தவை மஸ்ராங் குதிரைகள். உடலெங்கும் காயம். நிற்க இயலாது விழுந்த குட்டியொன்றை ஏனையவை மிதித்துக்கொண்டு நின்றன. எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டபோது, மலையில் விமானத்தால் துரத்திப் பிடித்தோம் என்று சர்வசாதாரணமாக விடை வந்தது. மலைப்புறத்தில் குதிரை பிடிக்கிறார்கள் என்பதை அவர் அதற்கு முன்னும் கேள்விப்பட்டிராதவரல்லர். கேள்விப்படுவது வேறு. நமக்கும் அது தெரியும்.

விமான வேட்டை எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரித்துரைக்கவேண்டும். சிறிய விமானம் ஒன்று மலைமடுக்குகளில் தாழப் பறந்து, ஊதுகுழலை அலறவிட்டும் சன்னத் துப்பாக்கியாற் சுட்டும் குதிரைக் கூட்டத்தை வெளியே விரட்டும். தாய்க்குதிரையின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க இயலாத குட்டிகள் வழியில் விழுந்துவிடும். சமவெளிக்கு வந்ததும் லொறிகள் தொடரும். லொறித் தட்டில் நிற்பவன் சுருக்குக் கயிற்றை எறிவான். கயிற்றின் மறுமுனையில் பாரமான ரயர் ஒன்று கட்டியிருக்கும். கழுத்திற் கயிறு விழுந்த குதிரை, அந்த ரயரை இழுத்து இழுத்து மூச்சடங்கி நின்றுவிடும். பின்னர் கால்களைக் கட்டி, லொறியில் இழுத்தேற்றுவார்கள். தண்ணீரோ தீவனமோ கிடையாது. சாகப்போவதற்கு எதற்கு என்பது அவர்கள் கணக்கு. இறைச்சி நாய்களுக்கும் கோழிகளுக்கும் உணவாகத் தகரத்தில் அடைபட்டது. இறாத்தலுக்குச் சில சதங்களே விலையாதலால், எண்ணிக்கையிலேதான் இலாபம். வானிலிருந்து துரத்தப்படுவது எத்தகையது என்பதை நம் வாசகருக்கு நாம் எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

இதைத் தனிப்பட்ட சிலரின் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட்டால் வரலாறு பிழைத்துவிடும். 1934ஆம் ஆண்டின் மேய்ச்சல் நிலச் சட்டத்தின் பின், மேற்கு மாநிலங்களின் பொதுநிலம் கட்டணத்துக்கு மாடும் செம்மறியும் மேய்ப்போருக்கு ஒதுக்கப்பட்டது. எவரும் கட்டணஞ் செலுத்தாது மேயும் விலங்கு காட்டுக் குதிரை ஒன்றே. 1946இல் உருவாக்கப்பட்ட நில முகாமைத்துவப் பணியகத்தின் கண்ணில் அது புல்லைத் தின்னும் களை. ஆகவே வேட்டைக்காரருக்கு அரசின் அனுமதியும் இருந்தது, ஊக்கமும் இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் இரக்கத்துக்கு எதிரே நின்றவை சட்டமும் சந்தையும் ஆகும்.

வேல்மா அழுதுகொண்டிருக்கவில்லை. கமெராவை எடுத்துக்கொண்டு, பிடிபட்ட குதிரைகள் அடைக்கப்பட்டிருந்த பட்டிகளுக்குச் சென்றார். புகைப்படம் பிடித்தார். எந்நாள், எவ்விடம், எத்தனை குதிரை, யார் அனுமதித்தது என்று குறித்தார். மிரட்டல்கள் வந்தன. அலுவலக நேரம் முடிந்தபின் இரவிலே தட்டெழுத்து இயந்திரத்தின் முன் அமர்ந்து, குறிப்புகளைக் கடிதங்களாக்கினார். காப்புறுதித் தொழிலில் இழப்பு என்று வாயாற் சொன்னால் ஒரு சதமும் கிடையாது, நிறுவவேண்டும். அந்தப் பழக்கத்தை அவர் அப்படியே குதிரைகளின் வழக்குக்குக் கொண்டுவந்தார். அவருடைய மேசையை அச்சாணி என்று நாம் மேலே சொன்னது இதனாலேதான்.

1952இல் ஸ்ரோறி மாவட்டத்தில் விமானத்தால் குதிரை பிடிப்பதற்கு ஒருவர் அனுமதி கேட்டிருக்கிறார் என்ற செய்தி எட்டியது. வேல்மாவும் சார்லியும் அயலவரைத் திரட்டிக்கொண்டு வேர்ஜீனியா சிற்றி மாவட்ட சபைக் கூட்டத்துக்குச் சென்றனர். ஒருகாலத்தில் வெள்ளிச் சுரங்கங்களாற் கொழித்த ஊர் அது. மார்க் ருவெய்ன் இளமையில் பத்திரிகை நிருபராக இருந்ததும் அங்கேதான். கூட்டத்தில் வேல்மாவின் ஆதாரங்கள் வென்றன. அனுமதி மறுக்கப்பட்டதோடு, அம்மாவட்டத்தில் விமான வேட்டையும் தடைசெய்யப்பட்டது. அன்று எதிர்த்தரப்பில் நின்ற அதிகாரி ஒருவர் அவரை ஏளனமாக ‘காட்டுக் குதிரை ஆனி’ என்றாராம். ஏளனம் செய்தவரை எவரும் இன்று நினைப்பதில்லை. அம்மையார் அப்பெயரை மறுக்காது ஏற்றுக்கொண்டார். பின்னாளில் அதனையே தம் அடையாளமாகவும் கொண்டார்.

மாவட்டத்தின் பின் மாநிலம். 1955இல் நெவாடா சட்டசபை, காட்டுக் குதிரைகளை விமானத்தாலும் மோட்டார் வாகனத்தாலும் வேட்டையாடுவதைத் தடைசெய்தது. இதனை வெற்றி என்று கொண்டாடியவர்கள் சட்டத்தின் சிறு எழுத்தைப் படிக்கவில்லை. மத்திய அரசின் நிலத்துக்கு அது செல்லாது. நெவாடாவில் 100 ஏக்கருக்கு 80க்கு மேல் மத்திய அரசின் நிலம்! வேலியை வீட்டு முற்றத்துக்குப் போட்டு வயலைத் திறந்துவிட்ட கதைதான். ஆகவே வோஷிங்டன் செல்வதைத் தவிர வழியில்லை.

நெவாடாவின் காங்கிரஸ் உறுப்பினர் வோல்ரர் பேரிங் மசோதாவைக் கொண்டுவந்தார். 1959 ஜூலையில் வேல்மா காங்கிரசின் உபகுழு முன் சாட்சியம் அளித்தார். உணர்ச்சிவசப்பட்ட பண்ணைப் பெண் ஒருத்தியை எதிர்பார்த்திருந்தோர் முன், நேர்த்தியாக உடுத்த, குரலை உயர்த்தாத செயலாளர் ஒருவர் கோவைகளைத் திறந்தார். புகைப்படங்களை ஒவ்வொன்றாக வைத்தார். அதே ஆண்டு செப்ரெம்பர் 8ஆம் நாள் ஜனாதிபதி ஐசனோவர் காலத்திலே சட்டம் நிறைவேறியது. பொதுநிலங்களில் குறியிடப்படாத குதிரை, கழுதைகளை விமானத்தாலோ வாகனத்தாலோ வேட்டையாடுவதும், நீர்நிலைகளில் நஞ்சிடுவதும் குற்றமாயின. சட்டத்துக்கு மக்கள் இட்ட பெயரே ‘காட்டுக் குதிரை ஆனி சட்டம்’.

இச்சட்டத்துக்குப் பின்னால் நின்றவர்களில் பாடசாலைப் பிள்ளைகள் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் மூலைமுடுக்கெங்கும் இருந்து அவர்கள் பென்சிலால் எழுதிய கடிதங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களின் மேசைகளில் வந்து குவிந்தன. ‘பென்சிற் போர்’ என்றே அதைச் சொன்னார்கள். இங்கே நம் நெஞ்சை ஒரு சிறு முள் குத்துகிறது. நாமும் ஆண்டுதோறும் மாணவருக்குக் கடிதம் எழுதப் பழக்கினோம். ‘உங்கள் கிராமத்து வீதியைத் திருத்தித் தருமாறு அரசாங்க அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுக.’ விலாசம் இடப்பக்கமா வலப்பக்கமா, ‘கனம் ஐயா’வுக்குப் பின் காற்புள்ளி உண்டா என்றெல்லாம் சிவப்பு மையாற் திருத்தினோம். 10க்கு 7 புள்ளி இட்டோம். அத்தனை ஆண்டுகளில் ஒரு கடிதத்தையாவது தபாலில் சேர்க்கும் எண்ணம் நமக்குத் தோன்றவில்லை. வீதியும் அப்படியே கிடந்தது.

இதற்கிடையே 1961இல் ‘மிஸ்பிற்ஸ்’ என்ற திரைப்படம் வெளிவந்தது. ஆர்தர் மில்லர் எழுதியது. மர்லின் மன்றோவும் கிளார்க் கேபிளும் நடித்தது. நாய் உணவுக்காக மஸ்ராங் பிடிக்கும் மனிதர்களின் கதை, படமாக்கப்பட்டதும் நெவாடாவிலேதான். அவ்விரு நட்சத்திரங்களும் நடித்து முடித்த இறுதிப்படம் அதுவென்பதற்காகவே பலர் பார்த்தனர். எதற்காகப் பார்த்திருப்பினும், சமவெளியில் ரயரை இழுத்து மூச்சிரைக்கும் குதிரையையும் அவர்கள் பார்க்கவேண்டியிருந்தது. 1966இல் மார்கறீற் ஹென்றி என்ற குழந்தை எழுத்தாளர் வேல்மாவின் வாழ்வையே நாவலாக்கினார். அதைப் படித்த பிள்ளைகள் அடுத்த போருக்குப் பென்சில் சீவத் தொடங்கினர்.

அடுத்த போர் ஏன் தேவைப்பட்டது? 1959 சட்டம் வேட்டையாடும் முறையைத் தடுத்ததேயன்றிக் குதிரைக்கு வாழும் உரிமையைக் கொடுக்கவில்லை. மேலும் அது காத்தது குறியிடப்படாத குதிரையை மட்டுமே. பண்ணையாளர் தம் குறி சுட்ட குதிரைகள் சிலவற்றைக் காட்டுக் கூட்டத்துக்குள் விட்டுவிட்டு, ‘எங்கள் குதிரைகளைத்தான் பிடிக்கிறோம்’ என்று சொல்லி எல்லாவற்றையும் வாரிச்சென்றனர். ‘ஆற்றை குதிரை?’ என்ற கேள்வியின் கனம் இப்போது தெரிகிறதல்லவா? உரியவரில்லை என்பதே அவ்விலங்கின் குற்றமும் ஆயிற்று. உரியவர் உண்டென்று பொய் சொன்னாலும் அதற்குச் சாவுதான்.

அந்த ஆண்டுகள் வேல்மாவுக்குத் துயரமானவை. சார்லி நுரையீரல் நோயால் நலிந்து 1964இல் காலமானார். கூட்டங்களுக்குக் கூடவே வந்தவர், மிரட்டல் வந்த இரவுகளில் துணையிருந்தவர் அவர். பண்ணை வாழ்வும் முடிந்தது. வேல்மா தம் தாயாருடன் றீனோ நகரிலே வாழ்ந்தார். பகலில் பழைய அலுவலகம், இரவில் பழைய தட்டெழுத்து இயந்திரம். காட்டுக் குதிரை, கழுதைகளைப் பேணும் சங்கம் ஒன்றின் தலைமையையும் ஏற்றிருந்தார். நெவாடாவில் 1962இலும், மொன்ரானா, வயோமிங் எல்லையிலுள்ள பிறையர் மலையில் 1968இலும் காட்டுக் குதிரைகளுக்கெனத் தனி நிலம் ஒதுக்கப்பட்டது. கைக்கெட்டியதைப் பற்றிக்கொண்டு அவர் அடுத்த படிக்குக் காத்திருந்தார்.

1970, 71இல் பென்சிற் போர் மீண்டும் மூண்டது. ஒறிகன் மாநிலத்தில் நாலாம் வகுப்பு ஆசிரியை ஒருவரும் அவருடைய மாணவரும் அதில் முன்னின்றனர். வியட்நாம் போருக்கு அடுத்தபடியாகக் காங்கிரசுக்கு மிகுதியான கடிதங்கள் வந்தது இக்குதிரைகளைப் பற்றியே என்பர். வேல்மா மீண்டும் சென்று சாட்சியமளித்தார். எதிர்வாக்கு ஒன்றுமின்றி இரு சபைகளிலும் நிறைவேறிய சட்டத்தில் 1971 டிசெம்பர் 15ஆம் நாள் ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்டார். குதிரைகள் அன்று வாழ்ந்த பொதுநிலங்களிலேயே வாழலாம். பிடிப்பதும், குறிசுடுவதும், துன்புறுத்துவதும், கொல்லுவதும் குற்றம். பாற்கடனில் பெரும்பங்கு அன்று தீர்ந்தது என்று சொல்லலாம்.

எனினும் மறுதரப்பைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. நெவாடா நமது வன்னியைப் போன்ற நிலமன்று. மழை அரிது, புல் அதிலும் அரிது. ஒரு மாட்டைப் போஷிக்கவே பல ஏக்கர் வேண்டும். குதிரைக்கு அங்கே இயற்கைப் பகை குறைவாதலால், விட்டால் நாலைந்து ஆண்டுகளில் இரட்டிப்பாகும். தலைமுறையாக அந்த வரட்சியோடு மல்லுக்கட்டிய பண்ணைக் குடும்பங்கள் எல்லாம் அரக்கர் கூட்டமல்ல. வேல்மாவும் அவர்களிடையே பிறந்து வளர்ந்தவரே. பெருகினால் குறைக்கத்தான் வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. குறைப்பது எவ்வாறு, எவர் கண்காணிப்பில் என்பதே அவர் வழக்கு. பிற்காலத்தில் அவர் பெயரைச் சொல்லி வாதிட்ட சிலர் இந்த நிதானத்தை அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளவில்லை என்பது நம் எண்ணம்.

சட்டம் புத்தகத்தில் இருந்தது. 1973இல் ஐடஹோ மாநிலத்து ஹவ் என்ற ஊரருகே அது என்ன விலைபெறும் என்பது தெரிந்தது. அங்கே துரத்தப்பட்ட கூட்டமொன்றிற் சில குதிரைகள் செங்குத்தான மலையிலிருந்து விழுந்து மாண்டன. எஞ்சியவற்றில் சிலவற்றின் நாசியில், மூச்சைத் தடுத்து அடக்குவதற்காகப் பன்றிக்கு இடும் வளையங்கள் இறுக்கப்பட்டிருந்தன. வேல்மாவின் தட்டெழுத்து இயந்திரம் மீண்டும் ஓயாது இயங்கிற்று.

அடுத்த ஆண்டு நியூ மெக்சிக்கோ மாநில அதிகாரிகள் பொதுநிலத்தில் நின்ற 19 கழுதைகளைப் பிடித்து ஏலத்தில் விற்றனர். மத்திய அரசுக்கு இதில் என்ன அதிகாரம் என்று வழக்கும் தொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விலங்குகள் எவர்க்குச் சொந்தம் என்ற வாதத்தின் ஆழத்துக்கு மன்று இறங்கவில்லை. பொதுநிலத்தில் வாழும் விலங்கைக் காக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு என்று 1976இல் நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். நெடுந்தீவில் நாம் அந்தச் சிறுமிக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை அதுவாக இருக்கலாம்: ஒருத்தற்றையுமில்லை என்பதனாலேயே காக்கப்படவேண்டியவை.

ஆனால் அதே 1976இல் இன்னொரு சட்டம், குதிரைகளைத் திரட்ட உலங்குவானூர்தியைப் பயன்படுத்தும் அனுமதியை அரசுக்கு அளித்தது. அதிகாரிகளின் கண்காணிப்பில், மனிதாபிமானத்தோடு என்ற நிபந்தனைகள் உண்டு. எனினும் விமானத்தை வானிலிருந்து விரட்டிய பெண்ணின் வாழ்நாளிலேயே இயந்திரம் மீண்டும் குதிரைகளின் தலைக்கு மேல் வந்துவிட்டது. வேல்மா புற்றுநோயால் 1977 ஜூன் 27ஆம் நாள், 65 வயதில், றீனோவிற் காலமானார்.

பின்வந்த காலம் எளிதான கதையன்று. கொல்லக்கூடாது என்பது நிலைத்தது. எங்கே வைப்பது என்பது தீரவில்லை. நிலம் தாங்கக்கூடியது ஏறத்தாழ 26,000 குதிரை, கழுதைகள் என்பது அரசின் கணக்கு. 2020களில் 70,000க்கு மேற்பட்டவை வெளியிலும், அவற்றைவிடப் பிடிக்கப்பட்ட 60,000க்கு மேற்பட்டவை அரசு செலவில் பட்டிகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் இருந்தன. வளர்ப்போருக்கு வழங்கும் திட்டத்திற் போனவை சில. 2004இல் விற்பனைக்கு வழிசெய்யும் திருத்தம் ஒன்று வந்தபோது, இறைச்சிக்கூடத்தின் கதவு மீண்டும் திறக்கப்படுகிறது என்று எதிர்ப்பெழுந்தது. வாதம் தொடர்கிறது.

வேல்மா அம்மையார் தட்டெழுதிய கடிதங்களும் தாள்களும் கொலறாடோ மாநிலத்து டென்வர் நகரப் பொது நூலகத்தில் சேர்த்துப் பேணப்பட்டு வருகின்றன. விரும்பியவர் கேட்டுப் படிக்கலாம்.